மூடிமேல் கங்கு

ராமுத்தாய் ஒன்பது வருஷம் திருத்தங்கலுக்கு வெளியே ரத்தினசாமியின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள். பக்கத்து அறையில் வேலை பார்த்த வெள்ளைத்தாய் தீயில் வெந்த அன்று, வாசலில் இருந்த மணல் வாளியை நோக்கி ஓடினாள். ஓடியவள் வாளியருகே நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அதன்பிறகு மருந்தைத் தொட்டாலே கை நடுங்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி வீட்டுச் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1961இல் அந்த அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள்.

அடுத்த பங்குனியில் கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரி வந்து மாடியில் தங்கினார். தீபாவளி சீசனுக்குப் பெரிய ஆர்டர் தருகிறவர். கவிச்சி தொடமாட்டார், முட்டையும் ஆகாது. முதலாளியின் மனைவி சொர்ணலட்சுமி கொழும்பில் வளர்ந்தவள். அன்னாசிப்பழத்தை ரொட்டித்துண்டும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துச் சுட்டெடுக்கத் தெரியும். அவருக்காக முட்டைக்குப் பதிலாக மலைவாழைப்பழத்தை மசித்துப் போட்டாள். ஈயம் பூசிய சட்டியில் எல்லாவற்றையும் பரப்பி, அடி பிடிக்காமலிருக்கப் புழக்கடை அடுப்பில் மணல் பரப்பி அதன்மேல் ஏற்றினார்கள். மூடியின் விளிம்பை மைதாப் பசையால் அடைத்தது ராமுத்தாய். வெடிக்குழாய் ஒட்டிப் பழகிய விரல்கள். காற்றுப் புக இடமில்லை. மேல்பக்கமும் சிவக்க, மூடிமேல் கங்கு பரப்பினார்கள்.

“மூடிமேல கங்கு அணையக் கூடாது, ராமு. அணைஞ்சா செவக்காது, கூழாட்டம் கெடக்கும்.”

“நான் பாத்துக்கிறேங்க்கா.”

“இதைக் கெடுத்தே, மறுபடி கம்பெனிதான் ஒனக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராமுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

சொர்ணலட்சுமி உள்ளே போனதும் காற்றுத் திரும்பியது. சுவரோரச் சாய்ப்பில் அச்சாபீஸிலிருந்து வந்த லேபிள் கட்டுகள் அடுக்கியிருந்தன. மூடிமேல் ஒரு கங்கு படீரென்று தெறித்தது. பொறி ஒன்று கட்டுகளை நோக்கிப் பறந்து, பாதி வழியிலேயே கறுத்து விழுந்தது. அது விழுவதை அவள் பார்க்கவில்லை. இந்தத் தடவை நிற்கவும் இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மூடிமேல் கவிழ்த்துவிட்டாள்.

சத்தம் கேட்டுச் சொர்ணலட்சுமியும் ரத்தினசாமியும் ஓடிவந்தார்கள். சட்டியைச் சுற்றிச் சாம்பல் தண்ணீர்.

“என்னடி காரியம் பண்ணிட்டே!” என்றாள் சொர்ணலட்சுமி.

“பொறி பறந்துச்சுக்கா. லேபிள் பக்கமா.”

ரத்தினசாமி கட்டுகளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

“பொறியக் கண்டா யோசிக்காமத் தண்ணி ஊத்துற ஆளு எனக்கு அங்கனதான் வேணும். இவளப் போயி அடுப்படியில வச்சிருக்கியே. திங்கக்கெழமையிலருந்து மருந்து ரூமுக்கு வந்திரு, ராமுத்தாயி. கூலி கூட்டித் தாரேன்.”

அந்த ஒன்பது வருஷத்தில் அவர் அவளைப் பாராட்டியதே இல்லை.

ராமுத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள். வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். ஐந்து விரலும் தனித்தனியாக ஆடின.

“மொதலாளி, இந்தக் கையில மருந்தக் குடுப்பீகளா?”

அவர் அந்தக் கையைப் பார்த்தார். மருந்து அறையில் நடுங்கும் கை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார்.

சொர்ணலட்சுமி குனிந்து பசையைத் தடவிப் பார்த்தாள். எங்கும் விரிசல் விடவில்லை, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்காது.

“வந்தவுக இன்னும் குளிச்சு முடிக்கல. புதுக் கங்கு எடுத்துப் போடு.”

ராமுத்தாய் முதலில் லேபிள் கட்டுகளைச் சுமந்து பொறி எட்டாத தூரத்தில் வைத்தாள். பிறகு இடுக்கியை எடுத்தாள். கை ஆடியதில் ஒரு கங்கு மண்ணில் விழுந்தது. அதை எடுத்து மூடியில் வைத்தாள்.

“அக்கா, நீங்க இங்கனயே நில்லுங்க,” என்றாள்.

சொர்ணலட்சுமி நின்றாள்.