சிவப்பு மையில் ஒரு ஏழு

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளுக்கு மாதத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். நான் கோயில் கூடத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். மேலத்தெரு ஓர் அணி, கீழத்தெரு ஓர் அணி. தோற்ற அணி எல்லோருக்கும் டீயும் மசால்வடையும் வாங்கித் தர வேண்டும். பத்து வருஷமாக இப்படித்தான் நடந்தது.

கேள்விகளை நான் தறியில் இருக்கும்போதே செய்துவிடுவேன். கையும் காலும் தம் பாட்டுக்கு ஓடும், மண்டை சும்மாதானே கிடக்கிறது! ஓடுகிற மிருகம், முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மேடையில் தொங்கும், அது எது? குதிரை என்று ஒருவன் கத்துவதற்குள் பத்துப் பேர் யானை, மான், முயல் என்று எல்லாவற்றின் தலையையும் வெட்டிப் பார்த்திருப்பார்கள். கேரம் போர்டில் எத்தனை காய் என்று கேட்டால் பாதிப் பேர் ஸ்டிரைக்கரையும் சேர்த்து இருபது என்பார்கள். பத்தொன்பது என்று நான் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வார்களே, அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன். வெண்பாவின் கடைசி அடியில் எத்தனை சீர் என்று கேட்ட அன்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டமா இன்னா?" என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார்.

சட்டங்கள் மூன்று. மூன்றும் நான் போட்டவை. ஒன்று, போன் எல்லாம் வாசலிலேயே முறத்தில் வைத்துவிட வேண்டும். வேட்டி மடிப்புக்குள் போனை வைத்துப் பதில் தேடிய ஒரு பெரிய மனிதரால் வந்த சட்டம் அது. இரண்டு, என் டைரியில் சிவப்பு மையில் இருப்பதுதான் பதில், எதிர்ப்பேச்சு கிடையாது. மூன்று, பதில் தப்பு என்று பிறகு தெரியவந்தால் அடுத்த அமாவாசைக்குக் கூடத்தில்தான் திருத்தம் சொல்வேன். தெருவிலோ டீக்கடையிலோ யாரும் என்னிடம் மல்லுக்கு நிற்கக் கூடாது.

கீழத்தெரு அணியின் பலமே என் கூட்டாளிதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். அவன் அப்பா கல்யாணங்களுக்கு நாதஸ்வரம் வாசித்தவர். மகனையும் வாசிக்க வைக்கத் தலைகீழாக நின்றார். இவன் மாட்டேன் என்று செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்பா அந்த வருத்தத்தோடுதான் போய்ச் சேர்ந்தார். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அமாவாசைக்கு மட்டும் எப்படியாவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் சம்மணம் போட்டுவிடுவான்.

போன ஆடியில் இசைக்கேள்வியாக ஒன்று வைத்தேன். நாதஸ்வரத்தில் மொத்தம் எத்தனை துளை? டைரியில் சிவப்பு மையில் ஏழு என்று எழுதியிருந்தேன்.

"பன்னெண்டு," என்றான் அவன், யோசிக்காமல்.

"தப்பு. ஏழு."

"டேய், விரல் வைக்கிறது ஏழு. கீழ இன்னும் அஞ்சு இருக்குதுடா. சுருதிக்காக மெழுகு வச்சி அடைப்பாங்க. எங்கப்பா அடைக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்துகினு இருந்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கூடத்தில் என்னை மடக்கினால் எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது.

"உங்கப்பா ஊதுனாரு. நீ எங்கடா ஊதுனே? வேடிக்கை பாத்தவனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

சிரிப்பு நின்றுபோனது. அவன் எழுந்தான். முறத்தில் கிடந்த போன்களில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். அன்று கீழத்தெரு ஒரே மதிப்பெண்ணில் தோற்றது. என் பங்கு வடையை நான் தொடவில்லை.

சாயங்காலமே போனில் தேடிப் பார்த்தேன். பன்னிரண்டு. படத்தோடு போட்டிருந்தது. கீழே ஐந்து துளைகளும் தெளிவாகத் தெரிந்தன. அவன் நம்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். சட்டம் இருக்கிறதே! அடுத்த அமாவாசைக்குக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லி, அந்தக் கேள்விக்கான இரண்டு மதிப்பெண்ணையும் கொடுத்து, அப்படியே அப்பா பேச்சை எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். சட்டம், மண்ணாங்கட்டி! போன் பண்ண எனக்கு வெட்கம். அதற்குச் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் கம்பெனி பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் அவன். என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு அடி நடந்தால் போதும். அமாவாசைக்கு இன்னும் பத்து நாள்தானே என்று நான் சும்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள், ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, அந்த பஸ்ஸிலேயே போய்விட்டான். மாரடைப்பு. ஆரணி வந்ததும் தூங்குகிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த அமாவாசைக்குக் கூடத்தைத் திறக்கவில்லை. டைரியில் ஏழு என்று இருந்ததை அடித்து, பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். கீழத்தெரு கணக்கில் இரண்டு மதிப்பெண் கூட்டினேன். கூட்டினால் அவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளிடம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அது அவருக்குத் தெரியும்ண்ணா. 'சாயங்காலமே தேடிப் பாத்திருப்பான். ஆனா அமாவாசைக்குத்தான் வாயத் தொறப்பான், அவன் சட்டம் அப்படி'ன்னு சிரிச்சிகினே சொன்னாரு."

நான் மூச்சு விட்டேன். அவள் டைரியை மூடி என் கையில் கொடுத்தாள்.

"ஆனா போன் அடிக்கும்போதெல்லாம், அவன்தானா பாருன்னு கேட்டுகினே இருந்தாருண்ணா. கடைசி நாள் வேலைக்குக் கிளம்பும்போதுகூட கேட்டாரு."