ஒட்டி நின்ற ரெண்டு ரேம்

உள்ளங்கையைக் கேபினெட்டின் மேல் வைத்து, கண்ணை மூடி, "என்னலே செய்யுது ஒனக்கு?" என்று கேட்கிறார் கொம்பையா. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் கேட்கிற குரல். பதில் வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் திருப்புளியை எடுக்க மாட்டார்.

பேட்டையில் லேத் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவே அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சட்டைப்பையில் பேனா இருக்காது. ரேம் என்கிற நினைவக அட்டையின் பல்லைத் தேய்க்கப் பள்ளிக்கூட ரப்பர் இருக்கும். ரேமைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார், உடம்பு மின்சாரம் இறங்க வேண்டுமாம். வேலை முடிந்ததும் திருகாணித் தலையில் மகளின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பார். வேறு எவனாவது திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால், "எங்கனயாவது வயரு லூசா இருக்கும்வே, பாரும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவர் வாயையே அடைத்த கம்ப்யூட்டர் ஒன்று இந்த ஆவணியில் அவர் கையில் சிக்கியது.

டவுனில் இருக்கும் விஜயஸ்ரீ கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். கணவர் அருணாசலம் தை மாதம் இறந்துபோனார். அவர் உதிரிபாகம் வாங்கிப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. சரஸ்வதி பூஜை வந்தால் அருணாசலம் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரேம் இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். "வெளிய வச்சாப் பத்தாதா அண்ணாச்சி?" என்று கொம்பையா ஏசுவார். "வேலை செய்யுதது உள்ளதானவே இருக்கு" என்பார் அவர்.

மதர்போர்டு செத்துப்போக, கொம்பையா புதிதாக ஒன்று மாற்றினார். பழையதில் ரேமுக்கு இரண்டே குழி, ஒட்டினாற்போல. புதியதில் நான்கு. இரண்டாவதிலும் நான்காவதிலும் பிரித்துச் செருகினால்தான் ஆளுக்கொரு பாதையில் ஓடும்; முதல் இரண்டில் சேர்த்துச் செருகினால் ஒரே பாதையில் முட்டிக்கொண்டு மந்தமாகிவிடும். பழைய பொட்டை ரப்பரால் அழித்து, பிரித்துச் செருகி, பூச்சு வைத்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் பறந்தது.

மூன்றாம் நாள் விஜயஸ்ரீ போன் செய்தாள். "ஒரு படம் தொறக்கதுக்குள்ள உலையே கொதிச்சிரும் போல அண்ணாச்சி. நாலு ஆல்பம் முடியாம நிக்கி. வெள்ளிக்கெழமை குடுக்கலன்னா ஸ்டூடியோக்காரவுக வேற ஆளப் பாத்துருவாவ. எனக்கு இத விட்டா என்ன பொழப்பு இருக்கு?"

போய்ப் பார்த்தார். பூச்சு உடையவில்லை. மூடியைக் கழற்றினால், ரேம் இரண்டும் முதல் இரண்டு குழிகளில் ஒட்டி நின்றன. இரண்டிலும் சந்தனப் பொட்டு. தொட்டார், விரலில் ஈரம்.

"யாரும்மா இதத் தொறந்தா?"

"நான் ஒத்தையில இருக்கேன். யாரு தொறக்கப் போறா? அவுக போனதுலருந்து இந்த வீட்டுல சந்தனமே அரைக்கல."

தான்தான் ஞாபகமறதியில் மாற்றிச் செருகியிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பொட்டு எப்படி வந்தது என்பதை நினைக்கவே இல்லை. பிரித்தார், துடைத்தார், திருகாணிக்கு இரண்டிரண்டு சொட்டு வைத்தார்.

மறுநாளே போன் வந்தது. பூச்சு அப்படியே இருந்தது. உள்ளே ரேம் இரண்டும் மறுபடி ஒட்டி நின்றன, பொட்டோடு. கொம்பையா ஜன்னல் கம்பியைப் பிடித்தவர் பிடித்தபடி நின்றார். பயந்துவிட்டார், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஜயஸ்ரீ அருகில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. "அவுகளுக்கு எதையும் பிரிச்சு வச்சாப் பிடிக்காது அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "தட்டுல ரெண்டு இட்லியத் தள்ளி வச்சாக்கூட, சேத்து வச்சிட்டுத்தான் சாப்பிடுவாவ."

கொம்பையா உடனே கிளம்பினார். பேட்டைக்குப் போய், இரண்டே குழி உள்ள போர்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அதில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஆளுக்கொரு பாதை உண்டு. ரேம் இரண்டையும் சேர்த்துச் செருகினார். பொட்டை மட்டும் துடைக்கவில்லை. படம் சட்டென்று திறந்தது. விஜயஸ்ரீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மூடியை மாட்டினார். பழக்கத்தில் நகப்பூச்சுக் குப்பியை எடுத்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டார். பிறகு கடைசித் திருகாணியை முடுக்காமல், அருணாசலத்தின் கைக்கு எட்டுகிற மாதிரி கேபினெட்டின் மேல் பைய வைத்தார்.