பதினேழாம் நம்பர் ரத்தம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பெங்களூரில் ஒரு மனநல மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். தீராத மனச்சோர்வில் இருப்பவர்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளப்பது என் வேலை. காலையில் ஏறி மாலையில் இறங்குவது அதன் இயல்பு. முதல் நாள் ஒரு மாத்திரை கொடுத்தால் மறுநாள் அது இன்னும் நன்றாக அடங்கிவிடும். மனச்சோர்வு முற்றியவர்களில் பலரிடம் மட்டும் அடங்காது.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. "யாராவது தர்றீங்களா?" என்று ஆய்வை நடத்திய டாக்டரம்மா கேட்டபோது நான்தான் முதலில் கை நீட்டினேன். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் ரத்தம் கொடுத்தேன்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினைந்து நாள் லீவு முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். "வயசா போயிடுச்சு? அடுத்தது நல்லா நிக்கும்" என்றார்கள் எல்லோரும். நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் அந்த மாதங்களெல்லாம் தண்ணீருக்கடியில் நடந்தது போலிருக்கிறது. பஸ் ஜன்னலில் அல்சூர் ஏரி மெல்ல வந்து மெல்லப் போகும். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்பார். எனக்கு நன்றாகத் தெரிந்த மொழிதான், ஆனாலும் எங்கோ தூரத்திலிருந்து வந்து சேரும். வீட்டில் கணவர் பேசும்போது அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு வந்துவிடும். அழுகை மட்டும் வரவில்லை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பினேன்.

சோதனைக் குழாய்களில் பெயர் இருக்காது, நம்பர்தான். என்னுடையது பதினேழு. மெஷினிலிருந்து வந்த காகிதத்தில், பதினேழின் அளவு அடங்காமல், வார்டில் இருந்த நோயாளிகளின் அளவோடு போய் நின்றது. எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று மறுபடி செய்தேன். அதே அளவு. ரிஜிஸ்டரைத் திறந்து, 'மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதப் போனேன். முதல் எழுத்தை எழுதியும் விட்டேன். அந்த மை காய்வதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு அதை அடித்துவிட்டு, வந்த அளவை எழுதி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு வீட்டில் கன்னடம். எங்களிடம் பேசுவது கன்னடம் கலந்த தமிழ்.

"பதினேழு யாரு?"

"நான்தான் மேடம்."

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "இதை வெச்சு மட்டும் நோய்னு சொல்ல ஆகாது, கேட்டியா? தூக்கம் கெட்டாலே இப்படி வரும். நம்பர் இருக்கட்டும், பிடு, விட்டுடு. நீ எப்படி இருக்கே?"

உடம்பு எப்படி என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். இவர் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"பொண்ணு மேடம்," என்றேன். "பொண்ணுன்னு நர்ஸ் சொன்னாங்க. நான் பாக்கல."

அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. டாக்டரம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றுதான் அழுதேன்.

சாயங்காலம் கணவரை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், நர்ஸ் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்," என்றார். "எங்கிட்டயும் சொன்னாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

ஒரே வீட்டில், எட்டு மாதமாக, இருவரும் தனித்தனியாக அந்த மகளை மனசுக்குள் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். நீரில் வெளிச்சம் மங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். என் கை அவர் கைக்குள் இருந்தது.

டாக்டரம்மா என்னை வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை வாரக்கணக்கில் ஓடியது. போய்ப் பேசிவிட்டு வருவதும் நடந்தது. முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் அல்ல, கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காகக் கணவரை உரக்கத் திட்டினேன். அவர் துண்டை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.