விருந்துக்குப் பதிலாக நீச்சல்

மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, குளோரின் வாசனை என்னைத் தொண்ணூறுகளின் மைசூருக்கு இழுத்துப்போனது.

அம்மா இறந்தபின் மார்டள்ளி கிராமத்திலிருந்து வந்து, மைசூரில் ஒரு பெண்கள் இல்லத்தில் வளர்ந்தேன். மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருந்த ரங்கசாமி, தம் தாயாரின் நினைவு நாளில் வருஷந்தோறும் எங்களுக்கு விருந்து போடுவார். ஒரு வருஷம் வார்டன் சரோஜாம்மா அவரைத் தடுத்தார்.

"சாப்பாடு இருக்கு சார். இந்தத் தடவை நீச்சல் கிளாசுக்கு ஃபீஸ் கட்டுங்க."

"சோறு போட்டா புண்ணியம்மா. நீச்சல் எதுக்கு?"

"பிள்ளைங்களுக்கு ஆசையா செய்யறதுக்குன்னு ஒண்ணாவது வேணுமில்ல?"

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். "ஆய்த்து, சரி, கட்டறேன்."

முதலில் நான் குளத்தின் ஓரக் கம்பியை விடவேயில்லை. ரங்கசாமி பார்க்க வந்த அன்றுதான் விட்டேன். மூக்கில் தண்ணீர் ஏற, கண் எரிய, எப்படியோ கையடித்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டேன்.

"பயமா இல்லையாம்மா?" என்றார்.

"இருந்துச்சுங்க. பாதியில போயிடுச்சு."

அவர் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நீச்சல் மாஸ்டரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "என் வயசுக்காரங்களையும் சேர்த்துப்பீங்களா?"

அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கும் அவரே ஃபீஸ் கட்டினார்.

இங்கே என் மகள் குளத்துப் படியில் தயங்கி நின்றாள். "நீயும் வாம்மா" என்றாள். நான் உடை மாற்றப் போனேன்.