புளித்தண்ணீரில் ஊறிய சிப்பிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அழுக்கோடு ஒரு சாமானைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கில் களிம்பு தெரிந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் குணம்தான் என்னைக் கெடுத்தது.

என் மகள் வெளியூரில் ஆராய்ச்சி படிக்கிறாள். கூமாப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டியபோது, இரண்டாள் ஆழத்தில், பல ஆயிரம் வருஷத்துச் சிப்பிகள் கிடைத்தன. பதினொன்றை மண்ணோடு தட்டில் பரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தோட்டக்காரர் கிணற்றுக்கு உறை இறக்கிவிட்டார். இனி அந்த மண்ணைத் தொட வழியில்லை. அவள் ஆய்வின் கடைசி அத்தியாயம் அந்தத் தட்டில்தான் இருந்தது.

"இதுல அப்படி என்னட்டி இருக்கு?" என்றேன்.

"தண்ணி இருக்குப்பா."

சிப்பி, தான் கிடந்த தண்ணீரை வைத்தே ஓடு கட்டுமாம். வெயிலில் தண்ணீர் வற்றும்போது அதிலுள்ள ஆக்சிஜனில் லேசான வகை முதலில் ஆவியாகிப் போக, கனமான வகை தங்கிவிடும். மழை பெய்தால் மறுபடி லேசானது கூடும். அந்தக் கணக்கெல்லாம் ஓட்டில் ஏறிவிடும். வளர வளர ஓரத்தில் புதிது சேரும். வரிசையாகத் துளைபோட்டுத் தூளெடுத்து மெஷினில் கொடுத்தால் கோடை எது, மழை எது என்று தெரியும். அங்கே இருந்தது ஓடையா, கண்மாய்போல் தேங்கிய தண்ணீரா? அது எப்படி அழிந்தது? கடைசி ஓரம் சொல்லிவிடும் என்றாள். எனக்கு அதை உடனே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ராஜபாளையத்துக்குத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கடை லீவு. இப்படிச் சேறும் சகதியுமாகக் கொண்டுபோனால் காலேஜில் பிள்ளையை என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. புளியைக் கரைத்து ஊறவைத்தேன். சின்னச் சின்னதாகக் குமிழி வந்தது. அழுக்கு விடுகிறது என்று நினைத்தேன். மத்தியானத்துக்குமேல் தேங்காய் நாரால் தேய்த்து, வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்தேன். சத்தியமாக, எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் வந்தவள் ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவினாள்.

"புளியாப்பா?"

"புளிதான். கடைச் சாமானுக்குப் போடுறது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "தொடக்கூடாதுன்னு ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கத்தினேன். ஒட்டித்தான் இருந்தாள். தட்டைக் கழுவும்போது அதைப் பிய்த்துப் போட்டவன் நான்.

"சிப்பி சுண்ணாம்புப்பா. புளிப்பு பட்டா கரைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். தடித்த பாகம் தப்பியிருந்தது. மெல்லிய ஓரம் பதினொன்றிலும் போய்விட்டது. மறுநாள் இருப்பதைப் பொதிந்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் நான் போன் பண்ணவில்லை, வெட்கமாக இருந்தது.

நாலைந்து மாசம் கழித்துக் கடைக்கு மகளிடமிருந்து போன் வந்தது. ஒரு அம்மா குடம் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன்.

"கண்மாய் மாதிரிதான்ப்பா. ஓடுன தண்ணி இல்ல. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் நிறைஞ்சிருக்கு, சித்திரையில சுண்டிருக்கு. ஒரு சிப்பி ஏழு வருஷம் உயிரோட இருந்திருக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பொறவு? ஒரேயடியா வத்திருச்சா, இல்ல வெள்ளம் வந்து மண்ணப் போட்டு மூடிருச்சா? கடைசியில என்னதான் ஆச்சு?"



"தெரியலப்பா. அது ஓரத்துல இருந்துச்சு."

நீங்கள் கழுவிவிட்டீர்கள் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

"அண்ணாச்சி, அடியில கறுத்திருக்கே. செத்த தேச்சுக் குடுங்களேன்" என்று அந்த அம்மா குடத்தை நீட்டினார். புளி பக்கத்திலேயேதான் இருந்தது. என் கை எழவில்லை.