மைக்கில் படித்த பதினோரு பெயர்கள்

மூலக்குளத்தில் மருந்துக்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் பூவாயி மீன் விற்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். காலாப்பட்டுக்கு அந்தாண்டை உள்ள குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஏழரை மணிக்கெல்லாம் அன்னக்கூடையை இறக்கிவிடுவாள். எந்த வீட்டுக் குழந்தைக்கு முள் ஆகாது, எந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா தேடுகிறார்கள், யார் வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு அம்மா பேரம் பேசினால், “ஈரோவுல பென்ஷன் வாங்கற வூடு, இந்தக் கவளை மீனுக்கு வந்து என்கிட்ட மல்லுக்கட்டுதே!” என்பாள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்துத் தூணோரம் நின்று கோபிநாத் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றோடு மூன்றாவது நாள். முதல் இரண்டு நாளும் வந்தான், நின்றான், சாலையைக் கடக்கக் கால் எழாமல் திரும்பிவிட்டான். 

அவனுக்கு வயது இருபத்தாறு. பாகூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஆஸ்பத்திரிப் பக்கம் போக நேரமும் துணிவும் இல்லாத பெண்களைத் தேடிப்போய்ப் பரிசோதிக்க வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை அந்த நிறுவனத்துக்கு ஒரு வருஷ நிதி கொடுத்திருந்தது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் கிராண்டு. அந்தக் கிராண்டில்தான் குப்பத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற முகாம் நடந்தது.

முகாமின் முதல் நாள் காலை முழுக்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நர்ஸும், குப்பத்துச் சுகாதாரத் தொண்டர் ஹேமலதாவும் திரைச்சீலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் வியாபாரம் முடித்து வந்த பூவாயி, கூடையோடு அப்படியே உள்ளே நுழைந்தாள். இடுப்பு வலியையும் வெள்ளைப்படுதலையும் இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தவள் அவள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, தெருவில் நின்று சத்தமாகச் சொன்னாள்: “எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்லடி. புள்ள பெத்தவளுங்க இதுக்குப் போயி பயப்படறீங்களே!”

அதற்குப் பிறகு மூன்று நாளில் நூற்று நாற்பது பேர் வந்தார்கள். “அவுங்கதான் சார் நம்ம கேம்ப்ப தூக்கி நிறுத்தினது” என்று ஹேமலதா அப்போதே சொன்னாள். கோபிநாத்துக்கும் அது தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

பதினோரு பேருக்குச் சந்தேகம் என்று முடிவு வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு பெண் டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருகிறார். கருவி வைத்துப் பார்த்துத் தேவையானால் அன்றைக்கே சிகிச்சையும் கொடுத்துவிடுவார். செலவு, வேன் எல்லாம் கிராண்டில். செவ்வாய்க்கிழமை மாலை வரைக்கும் பதினோரு பேரில் ஒருத்திக்குக்கூடத் தகவல் போகவில்லை. பதிவேட்டில் இருந்த போன் நம்பரெல்லாம் மகன்களுடையது, புருஷன்களுடையது. ஹேமலதா ஒரு சாவு வீட்டுக்குக் கடலூர் போயிருந்தாள், காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். காலைவரை பொறுத்திருக்கலாம். கோபிநாத் பொறுக்கவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய் மைக்கைக் கேட்டான்.

கோயில் காரியம் பார்க்கும் தெய்வசிகாமணி ஒருமுறை தயங்கினார். “பேரெல்லாம் சொல்லணுமா தம்பி?”

“பேர் சொன்னாத்தான் சார் வருவாங்க.”

அவனுடைய ஊரில் மைக்கில் பேர் வருவது மரியாதை. திருவிழாவுக்கு மூட்டை நெல் கொடுத்தவர் பேர் வரும். அவன் முதுகலை முடித்தபோது அவன் பேரே வந்தது. அன்று முழுக்க அவன் அப்பா தோளில் போட்ட துண்டை இறக்கவேயில்லை. ஆனால் குப்பத்து வழக்கம் வேறு. அங்கே சாவுச் செய்தி என்றால் ‘இன்னாருடைய தாயார்’ என்பார்கள். கூட்டம் என்றால் ‘ஊரார் எல்லாம்’ என்பார்கள். தனி ஆளின் பேர் ஒலிபெருக்கிக் குழாயில் வந்தால், அவர் ஏதோ தப்புச் செய்து பஞ்சாயத்துக்கு இழுக்கப்படுகிறார் என்று பொருள். பேரைக் கேட்டதும் தெருவில் நடக்கிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

அன்றைக்கும் நின்றார்கள். கல்லூரி மேடையில் பேசிப் பழகிய குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல், ‘கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் சந்தேகம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட கீழ்க்கண்ட பதினோரு பேரும்’ என்று தொடங்கி வரிசையாகப் படித்தான். பட்டியலில் முதல் பேர் பூவாயி. இரண்டு முறை படித்தான். முடித்துவிட்டு மைக்கோடு ஒரு செல்பியும் எடுத்து மேலாளருக்கு அனுப்பினான்.

வியாழக்கிழமை கோயில் வாசலில் நின்ற வேனில் மூன்று பேர்தான் ஏறினார்கள். மற்றவர்கள் கதவைக்கூடத் திறக்கவில்லை. என்ன நடந்தது என்பதை ஹேமலதாதான் அவனுக்குச் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“பூவாயி அக்கா கரையில மீன் ஏலம் எடுக்கப் போனாங்களாம் சார். ‘பூவாயி கூடைய அந்தாண்ட தள்ளி வையி, ஒட்டிக்கப் போவுது’ன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். இன்னொருத்தன், ‘புருஷன் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சே, இது எந்த வழியில வந்துச்சு’ன்னு கேட்டானாம். எல்லாரும் சிரிச்சிருக்கானுங்க. அவுங்க பையன் ராஜா மூணு நாளா வூட்டுல சோறு துண்ணல.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாயை ஊரறியத் திறந்துவிட்டவன் தான்தான் என்று நினைக்க நினைக்க கோபிநாத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. 

மூன்றாம் நாளான இன்று எப்படியோ சாலையைக் கடந்துவிட்டான். கூடைக்கு முன்னால் போய் நின்றான்.

“இன்னா சார் வேணும்? சங்கராவா, கிழங்கானா?” பூவாயி நிமிரவில்லை. இத்தனை நாளும் தம்பி என்று கூப்பிட்டவள்.

“அக்கா, நான்...”

“மீன் வாங்கறதுன்னா குந்து. இல்லன்னா நவுரு, காத்து வரட்டும்.”

குந்தினான். “அரை கிலோ சங்கரா.”

அவள் எடை போட்டு, அரிவாள்மனையில் உட்கார்ந்து செதில் சீவத் தொடங்கினாள். “மைக்கு கொண்டாரலியா? இங்க கூட நாலு பேரு இருக்காங்க, கேக்கறதுக்கு.”

“தப்புப் பண்ணிட்டேன் அக்கா. எங்க ஊர்ல மைக்குல பேர் வந்தா பெருமை. அதே நெனப்புல...”

“எங்க ஊர்ல வந்தா இன்னான்னு கேக்க உனக்கு வாய் இல்லியா? மைக்குல மட்டும் அவ்ளோ நல்லா வருது?”

அவள் கை மீனைத் திருப்பிப் போட்டது.

“ஒருத்தன் என் நெழல மிதிச்சதில்ல இந்தப் பன்னெண்டு வருஷத்துல. பஸ்ல கண்டக்டரு நாத்தம்னு சொன்னா கூட, ஆமாண்டா மீன் நாத்தம்தான், வேற நாத்தம் இல்லன்னு சொல்லிட்டு வருவேன். இப்ப என் புள்ள கேக்கறான், ‘உனக்கு எப்படிம்மா வந்துச்சு’ன்னு. நான் இன்னாடா சொல்றது அவனுக்கு?”

“அது கிருமிக்கா. புருஷன் இருந்த காலத்துல வந்தது கூட இருபது வருஷம் சத்தமில்லாம உள்ளயே கெடக்கும்னு டாக்டரே சொன்னாங்க. யார் மேலயும் தப்பு இல்ல.”

பூவாயி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “அத மைக்குல சொன்னியா?”

சொல்லவில்லை. எழுதி வைத்திருந்தான். அறிவிப்பு நீளமாகிறதே என்று அந்த வரியை அடித்துவிட்டிருந்தான். தலை தானாகக் குனிந்தது.

“நான் வேணா மைக்குலயே மன்னிப்புக் கேக்கறேன் அக்கா.”

“இன்னான்னு கேப்ப? பூவாயி நல்ல பொம்பளன்னா? மறுபடியும் என் பேர அந்தக் கொழாயில ஏத்தின, மைக்க உன் வாயிலயே சொருவிடுவேன்.” மீனைப் பையில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். மாவு மில் வாசலில் நின்ற ஒரு பெண் விஷயம் புரியாமலே சிரித்தாள்.

“திட்டுங்க, அடிங்க. டெஸ்டுக்கு மட்டும் வந்துடுங்க அக்கா. மார்ச் முப்பத்தொண்ணோட கிராண்டு முடியுது. நடுவுல ரெண்டே வியாழக்கிழமதான் இருக்கு. விட்டுட்டா அது உள்ளயே வளரும்.”

“உன் வேன் எங்க நிக்குது? கோயில் வாசல்ல. ஏறுறவளுங்கள ஊரே நின்னு எண்ணுது. செத்தாலும் நான் அதுல ஏற மாட்டேன்.”

“வேனே வேணாம்னா? நீங்களே இங்கேருந்து நேரா வந்தா?”

“எனக்கு வியாபாரம் முடிய பதினோரு மணி ஆவும். அதுக்கு மேல ஆஸ்பத்திரியில யாரு இருப்பா? காக்காவா?”

அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அலுவலகத்தில் மேலாளர் ஜானகிராமன் அறக்கட்டளைக்கு ஆண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். “வாப்பா கோபி. உன் மைக் போட்டோவ மொதல் பக்கத்துலயே போட்டிருக்கேன். ‘ஊர் ஒலிபெருக்கி வழியே மக்கள் பங்கேற்பு.’ எப்படி?”

கணினித் திரையில் தன் சிரிப்பைத் தானே பார்க்க முடியவில்லை கோபிநாத்தால். “சார், அத எடுத்துடுங்க.”

“ஏன்?”

சொன்னான். ஏலக்கரையில் சிரித்ததை, ராஜா சாப்பிடாததை, அடித்துவிட்ட அந்த வரியை எல்லாம் சொன்னான். ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இதையெல்லாம் எழுதினா அடுத்த வருஷம் கிராண்டு குடுப்பாங்களாடா?”

“தெரியாது சார். பதினோரு பேர்ல மூணு பேருதான் வந்தாங்கன்னு எப்படியும் எழுதணும். ஏன்னு கேப்பாங்க. எட்டுப் பேரு வரலன்னா அது அவுங்க அறியாமைன்னு எழுதுவீங்களா? அந்த அறியாம என்னுது சார்.”

அவர் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினார். பிறகு, “நீயே எழுது. உன் பேர்லயே எழுது” என்றார். அது கோபமா அனுமதியா என்று அவனுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினான். அவன் பட்டம் வாங்கிய பிறகு எழுதியதிலேயே கூசிக் கூசி எழுதிய பக்கம் அதுதான். பெண்களின் பேர் எதுவும் அதில் இல்லை. அவன் பேர் மட்டும் இருந்தது.

டாக்டரிடம் தனியே போய் நின்றான். அடுத்த இரண்டு வியாழனும் இரண்டு மணி வரை இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கோயில் வாசலுக்கு வேன் வருவது நின்றது. வேனுக்கு வைத்திருந்த பணத்தில், அவரவர் மீன் விற்கும் இடத்திலிருந்து அவரவர் ஆட்டோவில் வரலாம் என்று ஏற்பாடானது. ஹேமலதா ஒவ்வொருத்தி கடைக்கும் போய், மீன் வாங்குகிறவள் போல உட்கார்ந்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். பூவாயி வரவில்லை.

கடைசி வியாழன் பன்னிரண்டரை மணிக்குக் காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிப் படியேறினாள். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள். எதிரே நின்ற கோபிநாத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அந்தாண்ட போ. நீ நின்னா யாரு இன்னான்னு பாப்பாங்க.”

மாடிப்படிக்குக் கீழே போய் நின்றான். முக்கால் மணி நேரம். அங்கே துடைப்பங்களும் ஒரு உடைந்த சக்கர நாற்காலியும் இருந்தன. தனக்கு ஏற்ற இடம்தான் என்று தோன்றியது.

உள்ளே கூடப் போயிருந்த ஹேமலதாதான் முதலில் வந்தாள். “கெட்டுப்போன எடத்தச் சுட்டு எடுத்துட்டாங்க சார். பாத்தா கேன்சர் மாதிரி இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்காங்க, ரிசல்ட்டு பத்து நாள்ல. இப்படியே விட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்குமாம்.”

அவனுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டுவதற்குக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பட்டியலில் இன்னும் மூன்று பேர் வரவேயில்லை. 

பஸ் நிறுத்தத்தில் பூவாயி கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவன் நாலடி தள்ளி நின்றான். அவளாகவே பேசினாள். 

“ரிசல்ட்டு வந்தா எப்படிச் சொல்லுவ?”

“நீங்க எப்படிச் சொல்லச் சொல்றீங்களோ அப்படி அக்கா.”

“என் கையில குடு. மொதல்ல எனக்குத் தெரியட்டும். ராஜாவுக்கு நான் சொல்லிக்கறேன்.” கூடையைத் தரையில் வைத்தாள். “அந்தக் கிருமி கத. அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு, டாக்டரு சொன்னா மாதிரியே. அவன் படிப்பான்.”

“இன்னிக்கே எழுதித் தரேன் அக்கா.”

“நல்லா எழுதுவல்ல? எதையும் அடிக்காம.”

காலாப்பட்டு பஸ் வந்து நின்றது. அவள் கூடையை உள்ளே தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினாள். கோபிநாத்துக்கும் அன்று குப்பத்தில்தான் வேலை. வராத மூவரில் ஒருத்தியை, கிராண்டு முடிந்தாலும் விடக்கூடாது என்று, ஹேமலதா சாயங்காலம் அவனோடு பேச வைப்பதாகச் சொல்லியிருந்தாள். பின்படியில் ஒரு காலை வைத்தான்.

உள்ளிருந்து பூவாயி திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. மீன் விலை சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

“நீ அடுத்த பஸ்ல வா.”

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் காலை இறக்கிக்கொண்டான்.