புட்டிப்பாலும் சொட்டு மருந்தும்

பிரசவமான பன்னிரண்டாம் நாள் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கால்கள் வீங்கியிருந்தன. தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரசவத்தை ஒட்டிச் சிலருக்கு இதயம் இப்படிப் பலவீனப்படுவது உண்டு என்றார்கள். அக்கா இருந்த நிலைமையில் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம், பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கவும் வேண்டாம் என்றார்கள். அம்மா அக்காவோடு தங்கிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் அத்தானும் அவர்கள் ஊருக்குப் போனோம்.

ஊர் திருவாரூருக்குப் பக்கம், பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாய்க்கால் ஓரமாகப் பத்து நிமிட நடை. எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகாதவள். தஞ்சாவூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயிகள் பையில் போட்டுக் கொண்டுவரும் மண்ணைச் சலித்து, எடை போட்டு, கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக ரசாயனம் விட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. குழந்தைகளைத் தூக்கிப் பழக்கமில்லை. நான்தான் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேறு ஆளும் இல்லை. அத்தானுக்குத் தாய் தகப்பன் இல்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தான் அதிகம் பேசுகிறவர் இல்லை. அக்கா கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவரும் நானும் பேசிக்கொண்டதை மொத்தமாகச் சேர்த்தாலும் அரை மணி நேரம் வராது. இப்போது ஒரே வீட்டில், ஒரு குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். சம்பா நடவு நேரம். அவர் காலையில் வயலுக்குப் போய் மத்தியானம் சாப்பிட வருவார், மறுபடி போய் ஐந்து மணிக்குத் திரும்பி, கை கால் கழுவிவிட்டுப் பால் கலப்பார். ஊட்டுவது நான். யாரும் பேசி முடிவு செய்ததில்லை. இரண்டு நாளில் அப்படி அமைந்துவிட்டது.

முதல் வாரம் குழந்தை சமர்த்தாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் அழுகை ஆரம்பித்தது. சாயந்திரம் ஐந்தரை மணி வாக்கில் பாதிப் புட்டி குடித்திருக்கும், சட்டென்று வாயை எடுத்துவிட்டு முதுகை வில்லாக வளைக்கும். முகம் சிவந்து போகும், கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கும். வயிற்றைத் தொட்டால் கெட்டியாக இருக்கும். எட்டு மணி வரை அழுதுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தூங்கிவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே அழுகை.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு, புட்டிப்பால் என்றால் அப்படித்தான், காற்று ஏறிக்கொள்ளும் என்றார். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை.

திருவாரூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார். எடை சரியாக ஏறியிருந்தது. நோய் எதுவும் இல்லை, காற்றுதான் என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். விரல் நீளப் புட்டி, கூடவே கோடு போட்ட ஒரு டிராப்பர். பால் கொடுக்கும்போது எந்தக் கோடு வரை, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று சீட்டில் எழுதியிருந்தார்.

வரும் வழியில் பஸ்ஸில் நான் அத்தானிடம் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றேன். ஒரு மாதக் குழந்தைக்கு மருந்து எதற்கு என்று நினைத்தேன். ஆனால் அன்று சாயந்திரம் அழுகை தொடங்கி ஒரு மணி நேரத்தில் எனக்கு அந்தக் கேள்வி மறந்துபோனது. டிராப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோட்டுக்குச் சரியாக மருந்தை இழுத்து, குழந்தையின் கன்னத்து உள்பக்கமாக மெல்ல விட்டேன். சோம்பு வாசனை வந்தது. குழந்தை சப்புக்கொட்டியது. அன்றைக்கு ஏழு மணிக்கே தூங்கியது. அதற்கு அடுத்த நாள் பழையபடி எட்டு மணி.

மருந்து கொடுத்த ஒவ்வொரு முறையும் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு வாரம் கழித்து மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அதில் பாதிகூட இல்லை. காலண்டரில் இருந்த புள்ளிகளை எண்ணிப் பெருக்கிப் பார்த்தேன். நான் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தீர்ந்திருந்தது. சிந்தியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். சிந்தவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அத்தான் வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"அத்தான், நீங்க மருந்து எதுவும் விட்டீங்களா?"

"ஆமா. பால் கலக்குறப்ப அதுலயே விட்டுருவேன்."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின அன்னைலேர்ந்து. உனக்குத்தான் நம்பிக்கை இல்லன்னு சொன்னியே. நீ விட மாட்டேன்னு நெனச்சேன்."

அவர் பாலில் விட்டார். அந்தப் பாலைக் கையில் வாங்கிய நான், வாயில் ஒரு முறை விட்டேன். ஒரு வாரமாகச் சாயந்திரம் தவறாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு அளவு கொடுத்திருக்கிறோம். அளவு பிசகக் கூடாது என்பதையே வேலையாக வைத்திருந்தவள் நான். அத்தான் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு திருவாரூருக்கு அதே டாக்டரிடம் போனேன். புட்டி, பால் பவுடர், வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் ஒரு பையில் இருந்தன. குழந்தை தூங்கிக்கொண்டே வந்தது.

டாக்டர் முழுவதையும் கேட்டார். குழந்தையைப் பார்த்தார். பிறகு, பயப்பட வேண்டாம், இந்த மருந்து ரத்தத்தில் கலப்பதில்லை, வயிற்றுக்குள் இருந்துவிட்டு வெளியே போய்விடும் என்றார். அதற்காக இஷ்டத்துக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை, இனிமேல் யாராவது ஒருவர் கையால் மட்டும் கொடுங்கள் என்றார். எனக்கு அப்போதுதான் வியர்த்தது.

"சரி, பால் எப்படிக் கலக்குறீங்க? இங்கயே கலந்து காட்டுங்க" என்றார்.

அத்தான் மேஜை மேல் புட்டியை வைத்து வெந்நீரை ஊற்றினார். கரண்டியில் பவுடரைத் தலை தட்டி அளந்து போட்டார். அளவில் குறையில்லை. மூடியைத் திருகிவிட்டுப் புட்டியை மேலும் கீழுமாக வேகமாகக் குலுக்கினார். ஒரு கட்டி நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். புட்டியின் கழுத்து வரை நுரை நின்றது.

டாக்டர் அந்த நுரையைக் காட்டினார். "இது எல்லாம் காத்து. இதத்தான் குடுக்குறீங்க. மருந்து உள்ள இருக்குற குமிழிய உடைக்கும், அவ்வளவுதான். காத்து உள்ள போறத நிறுத்தாது."

குலுக்காமல் சுழற்ற வேண்டும், நுரை அடங்கும் வரை புட்டியை வைத்துவிட வேண்டும், அப்புறம் கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும் என்று சொன்னார். அடுத்து என்னை ஊட்டச் சொன்னார். நான் குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துப் புட்டியைப் படுக்கை வாட்டில் பிடித்தேன். நிப்பிளில் பாதி பால், பாதி வெறுமை. டாக்டர் என் முழங்கையை உயர்த்தினார், குழந்தையின் தலை மேலே வந்தது. புட்டியைச் சாய்த்து நிப்பிள் முழுக்கப் பால் நிற்கும்படி வைத்தார். பாதியில் ஒரு முறை நிறுத்தி ஏப்பம் எடுக்கச் சொன்னார். இவ்வளவு நாளும் குடித்து முடித்த பிறகு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் செய்தாலும் கொஞ்சம் அழத்தான் செய்யும், சில குழந்தைகள் ஏன் அழுகின்றன என்று டாக்டர்களுக்கே தெரியாது, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே நின்றுவிடும் என்றார். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் வேண்டாம் என்றாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

அன்றிலிருந்து மருந்து என் கையில், ஏப்பம் அத்தான் தோளில் என்று ஆனது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அவர் உள்ளங்கை குழந்தையின் முதுகை முழுவதும் மூடிவிடும். தட்டமாட்டார், கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். நான் பத்து நிமிடம் முயன்றும் வராத ஏப்பம் அவரிடம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அழுகை இரண்டரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. எது குறைத்தது, மருந்தா, நுரை போனதா, குழந்தை வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருப்பேன். இங்கே எதையும் நிறுத்த எங்களுக்குத் துணிவில்லை.

அக்காவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. காலையில் குழந்தை விழித்துச் சிரிக்கிற நேரமாகப் பார்த்து வீடியோ காலில் காட்டுவேன். சாயந்திரம் அவள் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். பிறகு கூப்பிட்டுத் தூங்குகிறது என்பேன்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது அக்கா வீடு திரும்பினாள். பாதியாக இளைத்திருந்தாள். பாரம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது. நாலு மணிக்கு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தரைக்கு அழுகை ஆரம்பித்தது. அக்கா மிரண்டு போனாள். குழந்தை என் குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பி அழுதது. நான் வாங்கித் தோளில் போட்டதும் சற்றுத் தணிந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. இப்ப எவ்வளவோ பரவாயில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அங்க படுத்திருப்பியா?"

அவள் அழவில்லை. எப்படிக் கொடுப்பது என்று காட்டு என்றாள்.

காட்டினேன். கைக்கு அடியில் தலையணை வைத்து, குழந்தையின் தலையை உயர்த்தி, டிராப்பரில் கோடு எது என்று காட்டி, புட்டியின் சாய்வையும் காட்டினேன். குழந்தை நிப்பிளைத் துப்பியது. மறுபடி வைத்தாள், மறுபடி துப்பியது. நான் எதிரில் நின்றால் குழந்தை என்னைத் தேடும் என்று தோன்றியது. எழுந்து கொல்லைப் பக்கம் போய்க் கழுவிய புட்டிகளையே மறுபடி கழுவினேன். உள்ளே அழுகை கேட்டது. போகவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றது. எட்டிப் பார்த்தபோது அக்கா புட்டியை ஆடாமல் பிடித்திருந்தாள், அத்தான் பக்கத்தில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க நான் முயலவில்லை.

நாலாம் மாதத்தில் அழுகை நின்றது. என்றைக்கு என்று சொல்ல முடியாது. காலண்டரில் புள்ளி வைப்பதை அதற்குள் நான் விட்டிருந்தேன். திறந்து நாளாகிவிட்டது என்று மிச்ச மருந்தை அக்கா வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டாள். அந்த வாரமே நான் தஞ்சாவூருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்தேன்.

அக்கா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கு நாலு வயது, வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறது. நான் போனால் சித்தி என்று ஓடிவரும், கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடும். போன மாதம் போயிருந்தபோது வயிற்றை வலிக்கிறது என்று அழுதது. நானும் அத்தானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அக்கா எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.